நாற்காலியின் விலை: ஃபேன்டஸி பேஸ்பாலில் உள்கள வீரர்களின் இடமாற்றம்

2025 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, அலெக்ஸ் பிரெக்மனை மூன்று ஆண்டுகளுக்கு 120 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது. பிரெக்மன் தேர்ட் பேஸில் ஆடுபவர். அங்கே ஏற்கெனவே ரஃபேல் டெவர்ஸ் இருந்தார். தேர்ட் பேஸ்தான் தன் இடம் என்று டெவர்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். பலிக்கவில்லை. களத்தில் இறங்காமல் பேட் மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர் ஆக்கப்பட்டார். சீசன் தொடங்கியதும் முதல் 19 முயற்சிகளில் ஒரு ஹிட் கூட இல்லை. அதில் 15 முறை ஸ்ட்ரைக் அவுட். மே மாதம் ஃபர்ஸ்ட் பேஸ் வீரர் டிரிஸ்டன் கசாஸின் முழங்கால் தசைநார் கிழிந்தபோது, அந்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள். டெவர்ஸ் மறுத்தார். ஜூன் 15 அன்று அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போனபின், ஜூலையில், அதே ஃபர்ஸ்ட் பேஸில் நின்றார். ஆண்டு முடிந்தபோது அவர் கணக்கில் 35 ஹோம் ரன்கள் இருந்தன.

இத்தனை களேபரமும் நடந்த அந்த ஆண்டு முழுக்க, ஃபேன்டஸி லீக்குகளில் டெவர்ஸ் எங்கே இருந்தார்? தேர்ட் பேஸில். ஒரு பந்தைக்கூட அங்கே நின்று பிடிக்காதவர், முந்தைய ஆண்டு அங்கே ஆடிய ஆட்டங்களின் பலத்தில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டுரை பேச வருவது அந்த நாற்காலியைப் பற்றித்தான். உள்கள வீரர் ஒருவர் இடம் மாறினால் டிராஃப்டில், அதாவது ஃபேன்டஸி அணிக்கு ஆள் எடுக்கும் நாளில், அவர் விலை எவ்வளவு மாற வேண்டும்? மாற வேண்டுமா?

ஃபேன்டஸி பேஸ்பாலுக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர். 1980-ல் நண்பர்களோடு சேர்ந்து அவர் நடத்திய லீக், நியூயார்க்கில் அவர்கள் மதிய உணவுக்குக் கூடிய உணவகத்தின் பெயரால் 'ரோட்டிசரி' என்று அறியப்பட்டது. உண்மையான வீரர்களை ஏலத்தில் எடுத்து (சில லீக்குகளில் ஏலத்துக்குப் பதிலாகச் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுப்பார்கள்), அவர்களுடைய உண்மையான ஆட்டப் புள்ளிகளைக் கூட்டிப் போட்டியிடுவது அதன் முறை. பேட்டிங்கில் வழக்கமாக ஐந்து கணக்குகள்: சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), ரன், ஸ்டோலன் பேஸ் (திருடிய பேஸ்). பிடித்த கேட்சுக்கோ தடுத்த பந்துக்கோ ஒரு புள்ளியும் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட இடங்களுக்கு ஆள் நிரப்பியாக வேண்டும். அதனால், களத்தடுப்பையே கணக்கில் எடுக்காத ஓர் ஆட்டத்தில், களத்தில் எங்கே நிற்கிறார் என்பது விலையைத் தீர்மானிக்கிறது. கிரிக்கெட் பார்ப்பவருக்கு இது புதிதல்ல. கில்கிறிஸ்ட் அடித்த அதே ரன்களை ஒரு சாதாரண மட்டையாளர் அடித்திருந்தால் அணிக்குக் கிடைத்திருக்கும் லாபம் குறைவு. கீப்பர் நாற்காலியில் இருந்துகொண்டு அடித்ததால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

அந்த நாற்காலிகளை ஒரு தடவை எண்ணிவிடலாம். 12 பேர் ஆடும் வழக்கமான ரோட்டிசரி லீக்கில் ஒவ்வொருவருக்கும் 260 டாலர், 23 வீரர்கள். அதில் 14 பேர் பேட்டர்கள்: இரண்டு கேட்சர், ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் என நான்கு இடங்களுக்கு ஒவ்வொருவர், ஐந்து வெளிக்கள வீரர்கள், எவரையும் வைக்கக்கூடிய யூடிலிட்டி ஒன்று. மீதி இரண்டு நாற்காலிகள்தான் இந்த விவாதத்தின் மையம். ஒன்று, செகண்ட் பேஸ் அல்லது ஷார்ட்ஸ்டாப் ஆளை வைக்கும் நடுக்கள இடம். இன்னொன்று, ஃபர்ஸ்ட் பேஸ் அல்லது தேர்ட் பேஸ் ஆளை வைக்கும் மூலை இடம். ஆக, லீக் முழுவதும் செகண்ட் பேஸும் ஷார்ட்ஸ்டாப்பும் சேர்ந்து 36 பேர். மூலைகள் இரண்டும் சேர்ந்து 36 பேர்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை தானாக வருகிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஷார்ட்ஸ்டாப் ஒருவர் செகண்ட் பேஸுக்கு மாறினால் விலை பெரிதாக அசையக் கூடாது. அந்த ஆண்டு ஷார்ட்ஸ்டாப்புகள் அதிகம், செகண்ட் பேஸ்காரர்கள் குறைவு என்றால், நடுக்கள நாற்காலிகள் ஷார்ட்ஸ்டாப்புகளால் நிரம்பும். இரண்டு வரிசைகளின் அடிமட்டமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். எல்லை இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில் அல்ல. நடுக்களத்துக்கும் மூலைக்கும் நடுவில்தான் எல்லை. அதைத் தாண்டும்போதுதான் பணம் கைமாறும். நடுக்கள நாற்காலியும் மூலை நாற்காலியும் இல்லாத சிறிய லீக்குகளில் மட்டும் இந்தச் சமன் உடைகிறது. அங்கே ஒவ்வோர் இடத்தையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இடம் மாறுகிறார்கள்? களத்தடுப்பின் கடினத்தை வைத்து, பேஸ்பால் புள்ளியியல் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் ஒரு வரிசை போட்டார். எளிதான முனையில் ஃபர்ஸ்ட் பேஸ், பிறகு வெளிக்களத்தின் இரு ஓரங்கள், தேர்ட் பேஸ், சென்டர் ஃபீல்டு, செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், கடைசியில் கேட்சர். வயது ஏற ஏற வீரர்கள் எளிதான முனையை நோக்கி நகர்கிறார்கள். எர்னி பேங்க்ஸ் ஷார்ட்ஸ்டாப்பில் புகழ் பெற்றவர். வாழ்நாள் கணக்கைப் பார்த்தால் அவர் அதிக ஆட்டங்கள் ஆடியது ஃபர்ஸ்ட் பேஸில். கால் ரிப்கன் 1982-ல் தேர்ட் பேஸிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்குப் போனார். தொடர்ந்து ஆடிய சாதனையெல்லாம் படைத்துவிட்டு 1997-ல் தேர்ட் பேஸுக்கே திரும்பினார். இவை உடல் சொன்ன மாற்றங்கள்.

இன்னொரு வகை, புதிதாக வந்தவருக்காக நாற்காலியைக் காலி செய்வது. 2012 சீசனுக்கு முந்தைய குளிர்காலத்தில் இப்படி இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஹோசே ரெயஸ் மயாமிக்கு வந்ததால் ஹேன்லி ராமிரெஸ் ஷார்ட்ஸ்டாப்பை விட்டு தேர்ட் பேஸுக்குப் போனார். பிரின்ஸ் ஃபீல்டரை டெட்ராய்ட் ஒன்பது ஆண்டுகளுக்கு 214 மில்லியன் டாலரில் எடுத்ததால், மிகேல் கப்ரேரா ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து தேர்ட் பேஸுக்குப் போனார். கனத்த உடம்போடு கடினமான இடத்துக்குப் போகிறாரே, அவர் அடியும் போய்விடுமோ என்று அன்று பலர் கவலைப்பட்டார்கள். அந்த ஆண்டு கப்ரேரா .330 சராசரி, 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ எடுத்தார். 1967-ல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் பிறகு, இந்த மூன்று கணக்கிலும் லீக்கில் முதலிடம் பிடிக்கும் டிரிபிள் கிரவுன் பெற்ற முதல் வீரர் அவர்.

கப்ரேராவை டிராஃப்டில் எடுத்தவருக்குக் கிடைத்த லாபத்தைப் பாருங்கள். முந்தைய ஆண்டுக் கணக்கால் அவர் ஃபர்ஸ்ட் பேஸ் ஆள். சீசன் தொடங்கிச் சில வாரங்களில் தேர்ட் பேஸ் தகுதியும் சேர்ந்தது. இரண்டு நாற்காலிக்கு ஒரே ஆள்! 2013 நவம்பரில் ஃபீல்டரை டெக்சாஸுக்குக் கொடுத்து இயன் கின்ஸ்லரை வாங்கியதும், 2014-ல் கப்ரேரா ஃபர்ஸ்ட் பேஸுக்குத் திரும்பினார்; அந்த ஆண்டும் இதே கதை தலைகீழாக நடந்தது. இடம் மாறும் முதல் ஆண்டு எப்போதும் வரவுதான். பழைய தகுதி ஒட்டிக்கொண்டிருக்கும், புதியது வந்து சேரும். செலவு இருப்பது இரண்டாம் ஆண்டில்.

இந்தக் காலதாமதத்தைப் புரிந்துகொள்ளாமல் பேசும் கணிப்புகள் ஏராளம். இஎஸ்பிஎன் போன்ற தளங்களில், முந்தைய ஆண்டு ஓர் இடத்தில் 20 ஆட்டம் ஆடியிருந்தால் தகுதி. சீசன் நடுவில் 10 ஆட்டம் ஆடினால் புதிய தகுதி. யாஹூவில் 5 முறை தொடக்கத்திலிருந்து ஆடினாலோ, மொத்தம் 10 ஆட்டத்தில் இறங்கினாலோ போதும். ஒரே வீரருக்கு ஒரு தளத்தில் மூன்று நாற்காலி, இன்னொன்றில் ஒரே நாற்காலி. அதனால் எல்லா லீக்குக்கும் பொதுவான தரவரிசைப் பட்டியல் என்று ஒன்று இருக்கவே முடியாது.

இப்போது அலெக்ஸ் ரோட்ரிகஸ். 2004 பிப்ரவரியில் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது, டெரெக் ஜீட்டர் ஷார்ட்ஸ்டாப்பில் இருந்ததால் தேர்ட் பேஸுக்கு மாறினார். முந்தைய ஆண்டு 47 ஹோம் ரன் அடித்து, மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது பெற்றவர். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இப்படி அடிக்கும் ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. இடம் மாறினால் மதிப்பு சரியும் என்று சொன்னவர்கள் கணக்கில் தவறவில்லை, அளவில்தான் தவறினார்கள். 2005-ல், தேர்ட் பேஸ் வீரராக, ரோட்ரிகஸ் .321 சராசரி, 48 ஹோம் ரன், 130 ஆர்பிஐ, 21 ஸ்டோலன் பேஸ் எடுத்தார். எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் லீக்கை வென்று கொடுக்கும் கணக்கு அது.

இங்கேதான் என் முடிவைச் சொல்லிவிட விரும்புகிறேன். இடமாற்றம் நட்சத்திரங்களைப் பெரிதாகத் தொடுவதில்லை. நடுத்தர வீரர்களின் கதையை அது முடித்துவிடுகிறது. ஒரு வீரரின் மதிப்பு என்பது, அதே நாற்காலிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆளைவிட அவர் எவ்வளவு அதிகம் தருகிறார் என்பதுதான். கணக்குக்காக, ஷார்ட்ஸ்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஆளுக்கும் ஃபர்ஸ்ட் பேஸில் இலவசமாகக் கிடைக்கும் ஆளுக்கும் மூன்று டாலர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 42 டாலர் வீரர் இடம் மாறினால் 39 ஆவார். ஏலத்தின் உஷ்ணத்தில் அந்த மூன்று டாலர் கண்ணுக்கே தெரியாது. நான்கு டாலர் வீரர் மாறினால் ஒரு டாலர் ஆவார். இரண்டு டாலர் வீரரை யாரும் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் தலையங்கங்களும் அலசல்களும் பெரும்பாலும் முதல் சுற்று வீரர்களின் இடமாற்றத்தைப் பற்றியே எழுதப்படுகின்றன. பன்னிரண்டாம் சுற்றில்தான் அந்த மை உபயோகமாகியிருக்கும்.

கேட்சராக இருந்த ஜோ மவர் இதற்குக் கசப்பான சான்று. 2013-ல் .324 சராசரியும் 11 ஹோம் ரன்னும் எடுத்தார். தலையில் பட்ட அடிக்குப் பிறகு மினசோட்டா அவரை ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாற்றியது. 2014 டிராஃப்டில் கேட்சர் தகுதி இருந்ததால் விலை நின்றது. அந்த ஆண்டு .277, நான்கு ஹோம் ரன். அடுத்த ஆண்டு கேட்சர் தகுதியும் போனது. கேட்சர் என்றால் 11 ஹோம் ரன்னோடு முன்னணியில் நிற்கலாம். ஃபர்ஸ்ட் பேஸில் அந்தக் கணக்குக்கு ஆளே தேவையில்லை. அபாரமான ஒரு வீரர், ஃபேன்டஸியில் ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனார்.

அந்த மூன்று டாலர் வித்தியாசம் எந்தக் காலத்திலும் நிலையாக இருந்ததில்லை என்பது இந்தக் கேள்வியின் இன்னொரு பாதி. ஷார்ட்ஸ்டாப் என்றால் மெலிந்த உடம்பு, நல்ல கை, பலவீனமான பேட் என்றிருந்த காலம் நீண்டது. தொண்ணூறுகளின் நடுவில் ரோட்ரிகஸ், ஜீட்டர், நோமார் கார்சியபாரா வந்து அதை உடைத்தார்கள். 2010-களின் இறுதியில் லிண்டோர், கொரேயா, சீகர், ஸ்டோரி, போகார்ட்ஸ், டிரே டர்னர், டாட்டிஸ் என்று வரிசை நீண்டது. ஷார்ட்ஸ்டாப் பஞ்சம் தீர்ந்தது. இன்று ஒருவர் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து தேர்ட் பேஸுக்கு மாறினால் மதிப்பு குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. தேர்ட் பேஸ் வீரர் ஹோசே ராமிரெஸ் ஆண்டுதோறும் முதல் சுற்றில் போவதற்கு அவர் அடி முதல் காரணம். அவருக்குப் பின்னால் தேர்ட் பேஸ் வரிசை சீக்கிரம் மெலிந்துவிடுவது இரண்டாவது காரணம். பழைய பஞ்சத்தின் விலையை இன்றைய சந்தையில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செகண்ட் பேஸின் கதை இதைவிடச் சுவையானது. இடக்கை பேட்டர்களுக்கு எதிராக உள்கள வீரர்களை ஒரே பக்கம் குவிக்கும் ஷிஃப்ட் உத்தி உச்சத்தில் இருந்தபோது, செகண்ட் பேஸ் வீரருக்கு வேகமான கால் அவ்வளவு தேவைப்படவில்லை. ஆட்களை நிறுத்தும் இடமே பாதி வேலையைச் செய்தது. மில்வாக்கி அணி 2019-ல், அதுவரை தேர்ட் பேஸில் மட்டுமே அறியப்பட்ட மைக் மூஸ்டாகஸை செகண்ட் பேஸில் நிறுத்தியது. அவர் 35 ஹோம் ரன் அடித்து, அடுத்த ஆண்டு இரண்டு தகுதியோடு டிராஃப்டுக்கு வந்தார். அதே ஆண்டு மேக்ஸ் மன்சியும் 35 ஹோம் ரன் அடித்தார். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் மூன்றிலும் தகுதி. மூலை பேட்டுகள் நடுக்களத்துக்கு வந்து குவிந்த காலம் அது. 2023-ல் விதி மாறியது. பந்து வீசும்போது செகண்ட் பேஸின் இருபுறமும் இரண்டிரண்டு உள்கள வீரர்கள் நிற்க வேண்டும், கால்கள் உள்களத்துக்குள் இருக்க வேண்டும். ஓடிப் பிடிக்கத் தெரிந்தவருக்கே மறுபடி அந்த இடம். கனமான பேட்டுகள் மூலைக்குத் திரும்ப, செகண்ட் பேஸ் மெலிந்தது. தடுப்பு விதியில் செய்த ஒரு திருத்தம், தடுப்பையே எண்ணாத ஓர் ஆட்டத்தின் விலைப்பட்டியலை மாற்றிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அதே ஆண்டில் பேஸ்களின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். பிட்சர் பேஸ் பக்கம் திரும்பி எறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். 2022-ல் 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ்கள் 2023-ல் 3,503 ஆயின. நடுக்கள வீரருக்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி அவர் காலுக்கு. அந்தச் சரக்கு இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. 2025-ல் ஃபர்ஸ்ட் பேஸ் வீரர் ஜாஷ் நெய்லர், வேகத்துக்குப் பெயர் பெறாத அந்த நெய்லர், 30 பேஸ் திருடினார். நடுக்களத்துக்கும் மூலைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு செங்கல் இப்படியும் உதிர்ந்திருக்கிறது.

இடம் மாறினால் அடி மாறுமா? எளிதான இடத்துக்குப் போனால் உடம்பு ஓய்வு பெற்று அடி கூடும் என்பது நீண்டகால நம்பிக்கை. சான்றுகள் எல்லாத் திசையிலும் இழுக்கின்றன. அல்ஃபோன்சோ சொரியானோ 2006-ல் செகண்ட் பேஸை விட மறுத்து முரண்டு பிடித்து, பிறகு லெஃப்ட் ஃபீல்டுக்குப் போய், 46 ஹோம் ரன்னும் 41 ஸ்டோலன் பேஸும் எடுத்தார். மார்கஸ் செமியன் 2021-ல் டொரான்டோவில் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்கு மாறி 45 ஹோம் ரன் அடித்தார். கடினமான இடத்துக்குப் போன கப்ரேராவோ டிரிபிள் கிரவுன் எடுத்தார். களத்தில் இறங்காமல் அடிக்க மட்டும் வரும்போது பேட்டர்கள் சற்றுக் குறைவாக அடிக்கிறார்கள் என்று பேஸ்பால் ஆய்வாளர் டாம் டாங்கோவும் அவரது கூட்டாளிகளும் எழுதிய நூல் காட்டுகிறது. உள்களத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றத்துக்கு அப்படி ஒரு திசையை நான் காணவில்லை. இடமாற்றத்தைக் காரணம் காட்டி ஹோம் ரன் கணிப்பைக் கூட்டுபவரையும் குறைப்பவரையும் நம்ப வேண்டியதில்லை.

மூக்கி பெட்ஸை வைத்து இந்தக் கேள்வி முழுவதையும் பார்த்துவிடலாம். 2023-ல் ரைட் ஃபீல்டில் பெரும்பகுதியும், செகண்ட் பேஸில் 70 ஆட்டமும் ஆடி, .307 சராசரி, 39 ஹோம் ரன் எடுத்தார். வெளிக்களத்தோடு செகண்ட் பேஸ் தகுதியும் சேர, 2024 டிராஃப்டில் அவர் இன்னும் இனித்தார். 2024 மார்ச்சில், ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க வேண்டிய கேவின் லக்ஸ் எறிவதில் தடுமாறியதால், பெட்ஸை டாட்ஜர்ஸ் ஷார்ட்ஸ்டாப் ஆக்கியது. இன்னொரு தகுதி. ஜூனில் பந்து பட்டு இடக்கை எலும்பு முறிந்தது. ஆகஸ்டில் திரும்பியவர் ரைட் ஃபீல்டுக்குப் போனார். 2025-ல் முழுநேர ஷார்ட்ஸ்டாப்: அற்புதமாகத் தடுத்தார், ஆனால் .258, 20 ஹோம் ரன். ஷார்ட்ஸ்டாப் வேலைதான் அடியைத் தின்றது என்பார்கள். அந்த மார்ச்சில் வயிற்று நோயால் உடல் எடை கரைந்து சீசனைத் தொடங்கினார் என்பதும், 32 வயது என்பதும் அதே தட்டில் இருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு சீசன் போதாது. தெரிந்தது ஒன்று: வெளிக்களத் தகுதி போய்விட்டது. ஐந்து வெளிக்கள நாற்காலிகளில் ஒன்றில் அவரை வைக்க முடிந்த வசதி இனி இல்லை. 20 ஹோம் ரன் ஷார்ட்ஸ்டாப்புகள் நிறையக் கிடைக்கும் சந்தையில் அவரைத் தனியாக எடைபோட வேண்டும்.

பல நாற்காலித் தகுதிக்கு எவ்வளவு கொடுக்கலாம்? 2009-ல் டாம்பா பேயின் பென் சோப்ரிஸ்ட் இதற்கு முன்மாதிரி ஆனார். 2018-ல் ஹாவியர் பாயெஸ் செகண்ட், ஷார்ட், தேர்ட் எல்லாம் ஆடி 34 ஹோம் ரன், 111 ஆர்பிஐ எடுத்தார். வாரம் ஒருமுறை அணியை மாற்றும் லீக்கில், காயம் வரும்போது அணியை நகர்த்தி அடுக்க உதவும் காப்பீடு அது. தினமும் மாற்றும் லீக்கில் அதன் பயன் இன்னும் கூடும், பெஞ்ச் சிறியதாக இருந்தால் அதிகமாகவே கூடும். ஒன்றிரண்டு டாலர் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுப்பது வீண். ஏலம் முடியும்போது எந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே அதன் உண்மையான மதிப்பு. சிறந்த ஆள் வரும்போது தயங்காமல் எடுக்க அது இடம் கொடுக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது நாற்காலியே இல்லாமல் போவது. 2022-லிருந்து உண்மையான பேஸ்பாலின் இரண்டு லீக்கிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் உண்டு. உள்களத்தில் இடம் இழப்பவருக்கு இறங்குமிடம் ஒன்று கூடியிருக்கிறது. ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் யூடிலிட்டி தவிர வேறு தகுதி இருக்காது. டேவிட் ஒர்டீஸை எடுத்தவர்கள் பல ஆண்டுகள் இதை அனுபவித்தார்கள்: அந்த ஒரு நாற்காலி முதலிலேயே பூட்டப்பட்டுவிடும், பிற்பாடு மலிவாக வரும் எவரையும் எடுக்க முடியாது. டெவர்ஸ் பாஸ்டனிலேயே இருந்து ஃபர்ஸ்ட் பேஸை மறுத்துக்கொண்டே இருந்திருந்தால், 2026-ல் அவர் நிலையும் இதுவாகத்தான் இருந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலைக்குப் பிறகு ஆடிய ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டங்கள் அவரைக் காப்பாற்றின. 35 ஹோம் ரன் தேர்ட் பேஸ் ஆள், 35 ஹோம் ரன் ஃபர்ஸ்ட் பேஸ் ஆள் ஆனார். என் கணக்கில் இரண்டு டாலர் குறையும், ஒரு சுற்றுகூட இறங்காது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பயிற்சி முகாம்களிலிருந்து இப்படிப்பட்ட செய்திகள் வரும்போது, நிற்கும் இடத்தைவிட மாற்றத்தின் காரணத்தைப் படியுங்கள். தோளோ முழங்காலோ காரணம் என்றால் விலையைக் குறையுங்கள், எந்த இடத்துக்குப் போனாலும். புதிதாக ஒருவர் வந்ததால் நகர்கிறார் என்றால் பயப்படாதீர்கள். அணிக்கு அவர் பேட் வேண்டும் என்பதால்தான் வேறோர் இடம் தேடிக் கொடுக்கிறார்கள், நல்ல பேட் கூட வந்திருப்பதால் ஆர்பிஐயும் ரன்னும் கூடலாம். அப்புறம், ஏலத்துக்கு உட்காரும் முன் உங்கள் லீக்கின் விதிப் பக்கத்தைத் திறந்து, தகுதிக்கு 20 ஆட்டமா, 10 ஆட்டமா, 5 ஆட்டமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.